ரயிலில் பிறந்த யோசனை, 35 ஆண்டு கழித்து திரும்பி வந்த மரியோ: யார் இந்த குன்பெய் யோகோய்?

2024 மே மாதம் நின்டெண்டோ நிறுவனம், தன் 'ஸ்விட்ச்' கருவியின் சந்தாதாரர்களுக்கு ஒரு பழைய வீடியோ கேமைத் திறந்துவிட்டது. பெயர் 'சூப்பர் மரியோ லேண்ட்'. 1989-ல் வந்த விளையாட்டு. வண்ணம் கிடையாது. மொத்தமே 12 கட்டங்கள்தான். கை பழகியவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். முழு விளையாட்டின் அளவு 64 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும்.

இவ்வளவு சின்ன, இவ்வளவு பழைய விளையாட்டை 35 வருஷம் கழித்து எதற்குத் திரும்பக் கொண்டுவரணும்? அதை விளையாட இன்னும் ஆள் இருக்கா?

இருக்கிறார்கள். காரணம் தெரிய வேண்டுமென்றால், அந்த விளையாட்டையும் அது ஓடிய 'கேம் பாய்' கருவியையும் உருவாக்கிய குழுவின் தலைவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரியோவை உலகத்துக்கே தெரியும். மரியோவை உங்கள் பாக்கெட்டுக்குள் கொண்டுவந்த குன்பெய் யோகோயைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் இறந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது.

சீட்டுக்கட்டு தொழிற்சாலையில் மெக்கானிக்

யோகோய் 1941 செப்டம்பர் 10-ம் தேதி ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தார். அங்குள்ள டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். 1965-ல் உள்ளூரிலேயே நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றைய நின்டெண்டோ வீடியோ கேம் நிறுவனம் கிடையாது. 'ஹனாஃபுடா' என்ற பூப்படச் சீட்டுக்கட்டுகளைத் தயாரித்து விற்கும் கம்பெனி. யோகோய்க்குக் கிடைத்த வேலை, சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. இயந்திரம் நின்றால்தான் அவருக்கு வேலை. ஓடிக்கொண்டிருந்தால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சும்மா இருந்த நேரத்தில் அவர் ஒரு பொம்மை செய்தார். கத்தரிக்கோல் மாதிரி பின்னிய சட்டங்கள். கைப்பிடியை அழுத்தினால் நீண்டுபோய் தூரத்தில் உள்ள பொருளைப் பிடிக்கும். தொழிற்சாலைக்கு வந்த தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று திட்டு விழும் என்றுதான் யோகோய் நினைத்தார். நடந்தது வேறு. அதையே விற்பனைப் பொருளாக மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் சந்தைக்கு வந்த அந்த நீளும் கை, 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. மெக்கானிக்காக இருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

மலிவான பொருள், புது உபயோகம்

அடுத்தடுத்து அவர் செய்த பொம்மைகளைப் பார்த்தால் ஒரு பழக்கம் புரியும். 1969-ல் வந்த 'லவ் டெஸ்டர்' கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கைகளைக் கோத்துக்கொண்டால், முள் நகர்ந்து அவர்களுடைய காதலின் 'அளவை'க் காட்டும். உள்ளே இருப்பது உடம்பில் ஓடும் மிகச் சிறு மின்னோட்டத்தை அளக்கும் சாதாரணச் சுற்று. அவ்வளவுதான். கூச்சப்படும் இளைஞர்கள் கைகோக்க ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கைத்தான் அவர் விற்றார்.

1970-ல் ஒளித் துப்பாக்கி பொம்மை வந்தது. குறி வைத்துச் சுட்டால், இலக்கில் உள்ள சூரிய மின்கலம் துப்பாக்கியின் ஒளியை உணர்ந்து இலக்கைச் சிதற வைக்கும். சூரிய மின்கலம் மின்சாரம் தயாரிப்பதற்கானது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, யோகோய் அதை ஒளியை உணரும் கண்ணாகப் பார்த்தார்.

இந்தப் பழக்கத்துக்கு அவரே பின்னாளில் ஒரு பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் உள்ள அந்தத் தொடரை 'காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது' என்று புரிந்துகொள்ளலாம். 'காய்ந்துபோன' என்றால் உதவாத என்று பொருள் இல்லை. நன்றாக முற்றி, எல்லோருக்கும் பழகி, குறைகள் எல்லாம் தெரிந்து, விலையும் இறங்கிவிட்ட தொழில்நுட்பம். அதை எடுத்து, யாரும் யோசிக்காத இடத்தில் பொருத்த வேண்டும் என்பது அவர் கட்சி. புதுசு புதுசாகத் தேடி ஓடினால் விலை ஏறும். வாங்க ஆள் இருக்காது என்பது அவர் கணக்கு.

ரயிலில் ஒரு கால்குலேட்டர்

இந்தக் கொள்கையின் பெரிய வெற்றி ஒரு ரயில் பயணத்தில் தொடங்கியது. 1970-களின் கடைசி. ஷார்ப், கேசியோ நிறுவனங்கள் போட்டி போட்டதில் எல்சிடி திரை வைத்த கால்குலேட்டர்கள் மலிந்துபோயிருந்தன. ரயிலில் ஓர் அலுவலக ஊழியர் பொழுது போகாமல் தன் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார்.

அவர் பார்த்தது கால்குலேட்டரை மட்டுமல்ல, அந்த மனிதரையும்தான். வேலைக்குப் போகும் பெரியவர். பொது இடத்தில் விளையாடக் கூச்சம். ஆனால் கைக்கு ஏதாவது வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலால் மட்டும், யாருக்கும் தெரியாமல் விளையாட ஒரு கருவி இருந்தால்?

இந்த யோசனை தலைவரிடம் போன விதமும் சுவாரஸ்யமானது. யமாவுச்சியின் கார் டிரைவர் ஒருநாள் வரவில்லை. ஸ்டீயரிங் இடதுபக்கம் உள்ள அந்த வெளிநாட்டுக் காரை ஓட்டத் தெரிந்தவர் என்பதால் யோகோயை அழைத்தார்கள். வழியில் பேச்சோடு பேச்சாக அவர் தன் யோசனையைச் சொல்ல, தலைவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஷார்ப் நிறுவனத் தலைவர். விஷயம் அங்கேயே முடிவாகிவிட்டது.

1980-ல் 'பால்' என்ற பந்து விளையாட்டுடன் 'கேம் & வாட்ச்' வந்தது. ஒரு கருவியில் ஒரு விளையாட்டு, கூடவே ஒரு கடிகாரம். அடுத்த 11 ஆண்டுகளில் இந்த வரிசைக் கருவிகள் உலகம் முழுக்க 4.3 கோடிக்கும் மேல் விற்றன.

அந்த வரிசையில் 1982-ல் வந்த 'டாங்கி காங்' கருவியில் யோகோய் இன்னொன்றும் செய்தார். நான்கு திசைக்கும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கைப்பிடி பாக்கெட்டில் அடங்காது. அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவில் ஒரு தட்டையான கூட்டல் குறியை வைத்தார். 90-களில் நம்ம ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம் ரிமோட்டின் இடதுபக்கத்தில் இருந்ததே, அதே கூட்டல் குறிதான். இன்றைய கேம் கன்ட்ரோலர்களிலும் அது இருக்கிறது.

எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் மரியோ சாகாதது ஏன்?

அமெரிக்காவில் விற்காமல் தேங்கிய ஆர்கேட் இயந்திரங்களுக்குப் புது விளையாட்டு ஒன்று தேவைப்பட்டது. அதை ஷிகெரு மியமோட்டோ என்ற இளம் வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்த நிறுவனம், மேற்பார்வைக்கு யோகோயை நியமித்தது. 1981-ல் பிறந்தது 'டாங்கி காங்'. பின்னாளில் மரியோ ஆகப்போகும் மீசைக்காரர் அதில்தான் முதலில் குதித்தார். இப்படித் தளத்துக்குத் தளம் தாவிப் போகும் விளையாட்டுகளைத்தான் 'பிளாட்ஃபார்ம் கேம்' என்கிறோம்.

அந்த விளையாட்டில் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலே ஆள் காலி. 1983-ல் 'மரியோ பிரதர்ஸ்' உருவானபோது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று வைத்தால் என்ன என யோகோய் கேட்டார். அப்படிச் செய்தால் விளையாட்டில் சவாலே இருக்காதே என்று மியமோட்டோ முதலில் தயங்கினார். செய்து பார்த்ததும் பிடித்துப்போனது. இன்றுவரை மரியோ பயமில்லாமல் குதிக்க அந்த ஒரு கேள்விதான் காரணம்.

வண்ணம் இல்லாத கருவி ஜெயித்தது எப்படி?

1989 ஏப்ரல் 21-ம் தேதி, யோகோய் தலைமையிலான குழு 'கேம் பாய்' கருவியை வெளியிட்டது. விலை 12,500 யென். 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட சின்னத் திரை. பின்னாலிருந்து வெளிச்சம் கிடையாது. நான்கே சாயல்கள், அதுவும் பச்சை கலந்தவை. கேம் & வாட்ச் போலன்றி, இதில் கேட்ரிட்ஜை மாற்றி வேறு வேறு விளையாட்டுகளை ஆடலாம்.

எல்லாமே யோகோய் ஒருவர் செய்தது என்று சொன்னால் தவறாகிவிடும். இன்னும் எளிமையான கருவி போதும் என்று யோகோய் நினைத்ததாகவும், நீண்ட நாள் நிற்கக்கூடிய வலுவான கருவி வேண்டும் என்று தான் வாதாடியதாகவும் அவருடைய வலதுகையான சதோரு ஒகாடா பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இருவரின் இழுபறியில் கிடைத்த நடுவழிதான் கேம் பாய்.

வண்ணம் வேண்டாம் என்பதில் மட்டும் யோகோய் உறுதியாக இருந்தார். கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து பனிமனிதன் என்று சொன்னால், பார்ப்பவர் மனசு தானாகவே அதை வெள்ளையாகப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் விளக்கம். விளையாட்டு நன்றாக இருந்தால் வண்ணத்தை ஆடுபவரின் மனசே பூசிக்கொள்ளும்.

போட்டிக்கு வந்தவை எல்லாம் வண்ணத் திரைகள். அதே ஆண்டு வந்த அட்டாரியின் 'லிங்க்ஸ்' அமெரிக்காவில் சுமார் 180 டாலர். கேம் பாய் சுமார் 90 டாலர். லிங்க்ஸுக்கும் அடுத்து வந்த சேகாவின் 'கேம் கியர்' கருவிக்கும் ஆறு பென்சில் செல் போட வேண்டும். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு செல். பத்து மணி நேரத்துக்கும் மேல் தாங்கும். செல் வாங்கக் காசு தர வேண்டியது பெற்றோர் என்றால் வீட்டில் எந்தக் கருவி வாங்குவார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

கடைசிக் கணக்கில் கேம் பாயும், அதன் வண்ண வாரிசான 'கேம் பாய் கலர்' கருவியும் சேர்ந்து 11.8 கோடிக்கும் மேல் விற்றன.

சின்னத் திரைக்கு அளந்து தைத்த மரியோ

கேம் பாயுடன் அதே நாளில் வந்ததுதான் 'சூப்பர் மரியோ லேண்ட்'. மியமோட்டோ இதில் இல்லை. தயாரிப்பு யோகோய், இயக்கம் ஒகாடா, இசை ஹிரோகாசு தனாகா.

ஆடிப் பார்த்தால் இது கொஞ்சம் வேறு மாதிரி மரியோ என்பது தெரியும். ஆமையை மிதித்தால் ஓடு வெடிக்கும். மரியோ எறிவது நெருப்பு இல்லை, சுவரில் பட்டுத் திரும்பும் பந்து. சில கட்டங்களில் அவர் நீர்மூழ்கியிலும் விமானத்திலும் போவார். காப்பாற்ற வேண்டியவரும் வழக்கமான இளவரசி பீச் இல்லை, டெய்சி. அந்தப் பாத்திரம் அறிமுகமானதே இங்கேதான்.

இதன் சாமர்த்தியம் திரையைப் புரிந்துகொண்டதில் இருக்கிறது. கேம் பாயின் எல்சிடி திரையில் படம் வேகமாக நகர்ந்தால் நிழல் மாதிரி இழுபடும். அதனால் பின்னணியைக் கிட்டத்தட்ட வெற்றிடமாக விட்டார்கள்; மெல்லிய கோடுகளில் ஒரு பிரமிட், ஒரு மலை, அவ்வளவுதான். ஆளையும் எதிரியையும் மிகச் சிறிதாக வரைந்தார்கள். அதனால் சின்னத் திரையிலும் எதிரே வருவதைப் பார்த்து, சுதாரித்துக் குதிக்க இடம் கிடைத்தது. டிவியில் ஓடிய பெரிய மரியோவைச் சுருக்கி உள்ளே திணிக்காமல், இருக்கும் இடத்துக்கு ஏற்ப அளந்து தைத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று கட்டம் ஆடி நிறுத்திக்கொள்ளலாம். 1.8 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றது.

சறுக்கியது எங்கே?

இவ்வளவு ஜெயித்தவர் ஒரு கருவியில் பெரிதாகச் சறுக்கினார். 1995 ஜூலையில் ஜப்பானில் வந்த 'விர்ச்சுவல் பாய்'. தாங்கியில் நிற்கும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தால், படம் முப்பரிமாணத்தில் தெரியும். நிறம் சிவப்பு மட்டும். காரணம், அன்று மலிவாகக் கிடைத்தது சிவப்பு எல்இடி.

விற்பனை 8 லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஒரு வருடத்துக்குள் தயாரிப்பை நிறுத்தினார்கள். கண் வலி, தலைவலி, கழுத்து வலி என்று புகார்கள் வேறு.

யோகோய் தன் கொள்கையை விட்டு விலகியதால் தோற்றார் என்று சிலர் எழுதுவதுண்டு. யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. சிவப்பு எல்இடி மலிவானது, பழகியது. அவர் கொள்கைப்படியேதான் இருந்தது. விடுபட்டது கொள்கையின் மறுபாதி. அல்ட்ரா ஹேண்ட் தூரத்துப் பொருளை எட்ட நினைக்கும் குழந்தையிடமிருந்து வந்தது. லவ் டெஸ்டர் கூச்சப்படும் இளைஞரிடமிருந்து, கேம் & வாட்ச் ரயில் பயணியிடமிருந்து. ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு மனிதர் இருந்தார், பிறகுதான் கருவி. விர்ச்சுவல் பாயோ, ஓர் அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்து காட்டிய காட்சித் தொழில்நுட்பத்தில் தொடங்கியது. அதை யார், எங்கே, எப்படி உட்கார்ந்து ஆடுவார்கள் என்ற கேள்விக்குச் சரியான பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. பையில் போட முடியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது. பொருள் மலிவாக இருந்தால் மட்டும் போதாது என்பதை யோகோயின் வாழ்க்கையே காட்டிவிட்டது.

ஒரு விபத்து

1996 ஆகஸ்டில், 31 ஆண்டு வேலை செய்த நின்டெண்டோவிலிருந்து அவர் விலகினார். விர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று பலரும் பேசினார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணம் முன்பே இருந்தது என்பது யோகோய் தரப்பு விளக்கம். கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காகப் புதுக் கைக்கருவி ஒன்றை வடிவமைக்க ஆரம்பித்தார்.

1997 அக்டோபர் 4-ம் தேதி இஷிகாவா மாகாணத்தில் விரைவுச் சாலையில் அவர் சென்ற கார் முன்னால் போன வாகனத்தில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியவர் மீது, அவ்வழியே வந்த வேறொரு கார் மோதியது. அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிவைத்த 'வொண்டர்ஸ்வான்' 1999 மார்ச்சில் வெளியானது. விலை 4,800 யென். கறுப்பு வெள்ளைத் திரை, ஒரே ஒரு பென்சில் செல். கொள்கை மாறவே இல்லை. அதனுடன் வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாக 'குன்பெய்' என்றே பெயர் வைத்தார்கள்.

மறுவெளியீடு: வருவது எது, வராதது எது?

சரி, ஸ்விட்ச் கதைக்குத் திரும்புவோம். பழைய விளையாட்டு புதுக் கருவியில் எப்படி ஓடுகிறது? 'எமுலேட்டர்' என்ற மென்பொருள், புதுக் கருவியைப் பழைய கருவி மாதிரி நடிக்க வைக்கிறது. விளையாட்டுக்கு ஆள் மாறியது தெரியாது. கேம் பாய்க்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்து ஓடும்.

சூப்பர் மரியோ லேண்ட் இப்படித் திரும்புவது முதல் முறையல்ல. 2011 ஜூனில் 'நின்டெண்டோ 3டிஎஸ்' கருவியின் இணையக் கடையில் விலைக்கு வந்தது. 2023 மார்ச்சில் அந்தக் கடையில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து ஸ்விட்ச்சுக்கு வந்தபோது, தனியாக வாங்க முடியாது. சந்தா கட்டினால்தான் ஆடலாம். சந்தா நின்றால் விளையாட்டும் நின்றுவிடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1989-ல் காசு கொடுத்து வாங்கிய கேட்ரிட்ஜ், நான்கு செல் போட்டால் இன்றும் ஓடும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மறுவெளியீடு விளையாட்டைக் கோடிப் பேருக்குக் கொண்டுபோகிறது. ஆனால் கதவின் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. இன்று நீங்கள் ஆடும் பழைய விளையாட்டு நாளை அங்கே இருக்குமா என்பது உங்கள் கையில் இல்லை.

இன்னொரு பக்கம், எந்த விளையாட்டு மறுவெளியீட்டைத் தாங்கும் என்பதும் இங்கே தெரிகிறது. அன்று தொழில்நுட்பத்தை மட்டுமே காட்டி வியக்கவைத்த எத்தனையோ விளையாட்டுகள், தொழில்நுட்பம் பழசானதும் பழசாகிவிட்டன. சூப்பர் மரியோ லேண்டிடம் காட்ட அப்படி எதுவும் ஆரம்பத்திலிருந்தே இல்லை. விழுந்தால் எழுந்து மறுபடி குதிக்கத் தூண்டும் அளவுக்கு, சரியான தூரத்தில் வைத்த தளங்கள் இருந்தன. அவை 35 ஆண்டு கழித்தும் அதே தூரத்தில்தான் இருக்கின்றன.

2020-ல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் 35-ம் ஆண்டுக்கு, நின்டெண்டோ அதை ஒரு சின்ன 'கேம் & வாட்ச்' கருவிக்குள் வைத்து விற்றது. உள்ளே யோகோயின் 1980 'பால்' விளையாட்டும் இருந்தது. 2025 செப்டம்பரில், அவருக்குத் தலைகுனிவாக முடிந்த விர்ச்சுவல் பாயின் விளையாட்டுகளும் ஸ்விட்ச்சுக்கு வரும் என்று அதே நிறுவனம் அறிவித்தது. தோற்றதற்கும் இரண்டாம் வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

அடுத்த முறை பஸ்ஸிலோ ரயிலிலோ பக்கத்து சீட்டுக்காரர் போனைப் படுக்கையாகப் பிடித்து, இரண்டு கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். 45 வருஷத்துக்கு முன் கியோட்டோக்காரர் ஒருவர் ரயிலில் அப்படிக் கவனித்ததிலிருந்துதான் இது எல்லாமே ஆரம்பித்தது.